நீச்சல்குளம் மிதந்த நாள்

நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று துஷ்யந்தி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பிள்ளை. இங்கே மாண்ட்ரியலிலேயே பிறந்து, இங்கேயே எஞ்சினியரிங் படித்து, இப்போது ஆற்றுத் தீவில் அரசாங்கம் நடத்தும் காசினோவில் ஏசி இயந்திரங்களுக்குப் பொறுப்பாகச் சேர்ந்திருக்கிறாள். போனில் சொன்னால் இந்தக் கிழவன் நழுவிவிடுவான் என்று தெரிந்துகொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அங்கிள், அந்த நாளையிலை நீங்கள் ஒரு காசினோ ஹோட்டலிலை வேலை செய்தனீங்களாமே? அம்மா சொன்னவ. அதைப் பற்றி எழுதித் தாங்கோவன். எங்களை மாதிரிப் பிள்ளையளுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கும்."

"இன்ஸ்பிரேஷனா? அதுக்கு வேற நல்ல ஆளாப் பாரும்மா. டாக்டருங்க எத்தனை பேர் இருக்காங்க."

"இல்லை, நீங்கள்தான் எழுத வேணும். பேந்து சாட்டுச் சொல்லப்படாது, ஓமோ?" என்று சாக்குப்போக்குக்கு இடம் வைக்காமல் சொல்லிவிட்டு, என் மனைவி விசாலம் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சரி, எழுதித் தொலைக்கிறேன். படித்துவிட்டு மனசு கெட்டுப்போனால் என்னிடம் வந்து முறையிடக் கூடாது.

முதலில் ஒன்று. நான் வேலை பார்த்த இடம் காசினோவே இல்லை. அந்த நாளில் மாண்ட்ரியலில் காசினோ நடத்தச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆனால் எங்கள் முதலாளிக்கு ஒரு கனவு. அரசாங்கமே லாட்டரிச் சீட்டு விற்க ஆரம்பித்துவிட்டது, ஒலிம்பிக் வேறு வரப்போகிறது, அடுத்தது காசினோதான் என்று எந்த அரசியல்வாதியோ அவர் காதில் போட்டுவிட்டான். அவ்வளவுதான். கார்ட்டியர்வில் பக்கம் பிரெய்ரீ ஆற்றங்கரையில் இருந்த ஒரு பழைய ஹோட்டலை வாங்கி, இடித்து, நீட்டி, ஊதிப் பெரிதாக்கினார். நீராவிக் குளியல், பௌலிங், படகுத் துறை, நடன மேடை, ஆற்றைப் பார்த்தபடி ஒரு நீச்சல்குளம். கீழ்த்தளத்தில் பெரிய கூடம். அதன் வாசலில் தங்க எழுத்தில் காசினோ என்று பலகை. உள்ளே பச்சைத் துணி ஒட்டிய சூதாட்ட மேஜைகளை வரவழைத்துப் போட்டு, மேலே வெள்ளைப் போர்வை போர்த்தி வைத்திருந்தார். பிணத்தை மூடி வைத்த மாதிரி இருக்கும். சட்டம் வரும்வரை அங்கே கல்யாண விருந்து நடத்தினார்கள். மேஜைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு இத்தாலியர்களும் கிரேக்கர்களும் ஆடிப் பாடிவிட்டுப் போவார்கள். போகும்போது யாராவது ஒருவன் போர்வையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான்.

நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்தேன். சில வருடம் காவிரிப் பக்கம் மதகு, வாய்க்கால், கலிங்கு என்று அரசாங்க வேலை. கனடாவுக்கு எஞ்சினியர்கள் தேவை என்று பேப்பரில் படித்து, எழுதிப் போட்டு, உலகக் கண்காட்சி நடந்த கோடையில் வந்து இறங்கினேன். ஊர் முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் மேஜை கிடைத்தது. கண்காட்சி முடிந்தது, வேலையும் முடிந்தது. அடுத்து எங்கே போனாலும் ஒரே கேள்வி: "இங்கே எஞ்சினியர் சங்கத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா?" பதிவு செய்ய, இங்குள்ள எஞ்சினியர் ஒருவரின் கீழே வேலை பார்த்த அனுபவம் வேண்டும். அனுபவத்துக்கு வேலை வேண்டும். வேலைக்குப் பதிவு வேண்டும். இந்தச் செக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பாய்லர் பரீட்சை ஒன்றை எழுதிப் பாஸ் செய்து, அந்த ஹோட்டலின் பாய்லர் அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கேதான் மிஸ்டர் கிரெய்க் என்னைப் பிடித்துக்கொண்டார்.

மிஸ்டர் கிரெய்க் ஹோட்டலின் தலைமை எஞ்சினியர். ஸ்காட்லாந்துக்காரர் வீட்டுப் பிள்ளை, மாண்ட்ரியலிலேயே வளர்ந்தவர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வயதான காலத்தில் ஹோட்டலுக்கு வந்தவர். அவரைப் போல வேலை தெரிந்தவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரம் இருக்கிறது என்பதற்காக இதை மறைக்க முடியாது. குரலை உயர்த்த மாட்டார். எப்போதும் சாம்பல் நிறக் கோட்டு, மேல் பையில் சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டை. அளவுமானியைப் படிக்கும் முன்னால் அதன் கண்ணாடியை அந்தக் கைக்குட்டையால் துடைப்பார். துடைக்காமல் நான் அளவு சொன்னால், "மறுபடி பார்" என்பார், அவ்வளவுதான். சூடான குழாயைத் தொட்டுப் பார்க்கும்போது உள்ளங்கையை வைக்கவே விட மாட்டார், புறங்கைதான். ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பம்பின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்து, உள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று கேட்பார். என்னையும் கேட்கச் சொல்வார். எனக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு ஒருநாள் நல்ல பம்புக்கும் கெட்ட பம்புக்கும் வித்தியாசம் தெரிந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் விசாலத்திடம் அதையே பேசிக்கொண்டிருந்தேன்.

என் முழுப் பெயர் கதிரேசன். அவருக்கு அது வாயில் வரவில்லை. "கேட்" என்று கூப்பிட்டார். வருடக்கணக்கில் கேட்தான். விருந்தாளிகள் யாராவது எதிரே வந்தால், "இவன் கேட், என்னுடைய ஹெல்பர்" என்று அறிமுகப்படுத்துவார். ஆரம்பத்தில் எனக்குச் சுருக்கென்று குத்தியது. ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், கேட். இந்த மாகாணத்தில் பதிவு இல்லாதவன் எஞ்சினியர் என்ற பெயரில் வேலை பார்த்தால் அது குற்றம். பிடித்தால் உன் விண்ணப்பத்தைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அதனால் யார் கேட்டாலும் நீ என் ஹெல்பர். ஒழுங்காக வேலை பார். நேரம் வரும்போது உன் அனுபவத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அந்தக் கையெழுத்தை நம்பித்தான் இருந்தேன். நானாவது பரவாயில்லை. விசாலத்தின் நிலைமைதான் சங்கடம். எஞ்சினியர் மாப்பிள்ளை என்று சொல்லி அவளை எனக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். காரைக்குடியிலிருந்து வந்தவள், பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில், கீழ்வீட்டுக் கிரேக்கர்கள் மீன் பொரிக்கும் வாசனைக்கு நடுவில் குடித்தனம் நடத்தினாள். நான் கிரீஸ் படிந்த சட்டையோடு படியேறி வருவதைப் பார்ப்பாள். சட்டையை வாங்கி ஊறப் போடுவாள். ஒரு தடவைதான் கேட்டாள்.

"ஏங்க, அவரு கையெழுத்துப் போட்டா அப்புறம் நீங்க எஞ்சினியர்தானே? யாரும் இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல?"

"சொல்ல முடியாது."

"அப்ப சரி. இன்னும் கொஞ்ச நாள் சட்டை தோச்சுட்டுப் போறேன்" என்றாள்.

நீச்சல்குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊரில் வெளிக் குளத்தைக் குளிர்காலத்திலும் காலி செய்வதில்லை. தண்ணீரோடுதான் விட்டுவைப்பார்கள். அது உறைந்து சுவரை நெரிக்காமலிருக்க மரக்கட்டைகளை மிதக்க விடுவோம். பனிக்கட்டி விரியும்போது கட்டையை நெரித்துக்கொள்ளும், சுவர் தப்பிக்கும். எங்கள் குளத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஆற்றங்கரை. ஆறு ஏறினால் கரையின் மண்ணுக்குள்ளும் தண்ணீர் ஏறும். அந்த நேரத்தில் குளம் காலியாக இருந்தால் அது குளம் இல்லை, கான்கிரீட்டில் செய்த படகு. அடியிலிருக்கும் தண்ணீர் அதைத் தூக்கிவிடும். நிரம்பியிருக்கும்வரை தன் கனத்திலேயே உட்கார்ந்திருக்கும். இந்த அழுத்தத்தை வெளியே விட அடித்தரையில் ஒரு வால்வு வைப்பது வழக்கம். எங்கள் முதலாளி காசினோ பலகைக்குத் தங்க முலாம் பூசினார், அந்த வால்வை வைக்காமல் காசை மிச்சம் பிடித்துவிட்டார்.

எனக்கு இது புதிதில்லை. மதகின் தரைக்கு அடியில் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுவதைக் கணக்குப் போடுவதுதான் ஊரில் நான் செய்த வேலை. ஆனால் இங்கே அளக்கும் முறையைச் சொல்லித் தந்தவர் மிஸ்டர் கிரெய்க். குளத்தோரம் மண்ணுக்குள் ஒரு இரும்புக் குழாய் இறக்கியிருந்தார். எஃகு டேப்பின் நுனியில் ஒரு ஈயக் குண்டு. டேப்பின்மேல் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, குழாய்க்குள் இறக்கி, மெல்ல எடுக்க வேண்டும். சாக்பீஸ் தூள் எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை தண்ணீர். பனி உருகும் காலத்தில் தினமும் அளக்கச் சொல்வார். "குழாயில் தண்ணீர் குளத்தின் தரைக்குக் கீழே இறங்கும்வரை, முதலாளியின் அப்பனே வந்து சொன்னாலும் குளத்தைக் காலி செய்யும் வடிகால் வால்வைத் திறக்காதே" என்று அவர் வாயால் சொன்னார். அவரேதான் சொன்னார். இதை இரண்டு முறை எழுதுகிறேன், துஷ்யந்தி வெட்டிவிடக் கூடாது.

எழுபதுகளின் நடுவில் ஒரு வசந்தம். பனி மலை மலையாகக் கொட்டியிருந்த வருடம். வெயில் வந்ததும் எல்லாம் ஒரேயடியாக உருகி ஆறு கரை தொட்டு ஓடியது. கரையோரத்து வீடுகளின் நிலவறைக்குள் தண்ணீர் புகுந்து, ஜனங்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரம் பார்த்து, அமெரிக்காவிலிருந்து சில பெரிய மனிதர்கள் ஹோட்டலைப் பார்க்க வருவதாக முதலாளி அறிவித்தார். காசினோவில் முதலீடு செய்யப் போகிறவர்களாம். அவர்களை நடத்திக்கொண்டு வருவது ஆற்றைப் பார்த்த பக்கமாக. அங்கே எங்கள் குளம் பாசி பிடித்து, இலை அழுகி, கட்டைகள் மிதக்க, எருமை இறங்கின குட்டை மாதிரி கிடந்தது.

முதலாளி குளத்தோரம் வந்து நின்று மூக்கைப் பொத்திக்கொண்டார். "இதைக் காலி செய்து நீலம் அடித்துவிடுங்கள்" என்றார். மிஸ்டர் கிரெய்க் சரி என்று தலையை ஆட்டினார். முதலாளி போன பிறகு நான் குழாயை அளந்து, டேப்பைக் கொண்டுவந்து காட்டினேன். சாக்பீஸ் தூள் நனைந்திருந்த உயரத்தைப் பார்த்தால், குளத்தின் ஆழமான பக்கத்தில் நிற்கும் ஆளின் கழுத்துக்கு வரும், அவ்வளவு தண்ணீர் மண்ணுக்குள் நின்றது.

"சார், காலி செய்தால் தூக்கிவிடும்."

"தெரியும்."

"குளோரின் நிறையப் போட்டு வடிகட்டியை ஓட விடுகிறேன். பச்சை போய்விடும். தண்ணீர் தெளிந்தால் தரை எப்படி இருக்கிறது என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?"

"நேரம் இல்லை, கேட். அவருக்கு நீலம் வேண்டும். ஹோட்டல் அவருடையது."

"நீங்கள் அவரிடம் சொல்லவே இல்லையே, சார். தலையை ஆட்டிவிட்டீர்கள்."

அவர் முகம் லேசாகச் சிவந்தது. அப்போதும் குரல் உயரவில்லை. "வால்வைத் திற" என்றார்.

"நான் திறக்க மாட்டேன்" என்றேன். சொல்லும்போதே கையெழுத்து ஞாபகம் வந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் கிரேக்கக்காரன் ஸ்டாவ்ரோஸ் நின்றுகொண்டிருந்தான். குளத்தைத் தேய்ப்பது, பெயிண்ட் அடிப்பது, படகுத் துறையில் கயிறு கட்டுவது எல்லாம் அவன் வேலை. அவன் மனைவி ஹோட்டல் சலவை அறையில் இருந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருதான் வீடு. காலையில் ஒரே பஸ்ஸில்தான் வருவோம். நாங்கள் பேசியது முழுவதையும் அவன் கேட்டுக்கொண்டு நின்றான். மிஸ்டர் கிரெய்க் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பம்பு அறைக்குப் போனார். வால்வின் சக்கரம் துருப்பிடித்திருந்தது. பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சக்கரத்தில் சுற்றி, தன் கையாலேயே திறந்தார். பிறகு துரு ஒட்டிய கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அமெரிக்காக்காரர்களை வரவேற்கும் ஏற்பாட்டைக் கவனிக்க முன் வாசலுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் இறங்க இறங்க ஸ்டாவ்ரோஸ் ரப்பர் பூட்ஸ் போட்டு, கம்பிப் பிரஷ்ஷோடு ஏணியில் இறங்கினான். நான் "இறங்காதே" என்றேன். "ஷெஃப் சொல்லிட்டாரே" என்றான்; தலைமை எஞ்சினியரை அவன் பிரெஞ்சு வழக்கத்தில் அப்படித்தான் சொல்வான். நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குளத்தின் விளிம்புக் கல்லுக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஏதாவது நடந்தால் முதலில் அங்கேதான் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த இணைப்பில் அடைத்திருந்த தார் மெதுவாகக் கிழிய ஆரம்பித்தது. கிழிந்த இடத்தில் விளிம்புக் கல் ஒரு விரல் மொத்தம் மேலே நின்றது. வீட்டில் உரலைத் தரையில் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் அடியிலிருந்து வந்தது.

"டேய், ஏறுடா மேல! ஏறு, ஏறு, ஓடிவா!"

தமிழில்தான் கத்தினேன். அந்த நேரத்தில் இங்கிலீஷ், பிரெஞ்சு எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஆனால் ஸ்டாவ்ரோஸ் என் முகத்தைப் பார்த்ததும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடினான். நான் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டேன். அடுத்த நிமிஷம் ஆழமான பக்கம் முழுசாக மேலே வந்தது. விளிம்பு முழங்கால் உயரத்துக்கு எழும்பி, ஒருபக்கமாகச் சாய்ந்து, நடுவில் பிளந்தது. அவன் நின்றிருந்த தரை அப்பளம் மாதிரி உடைந்து, அதன் வழியாக மண் தண்ணீர் பீறிட்டது. குழாய்கள் முறிந்தன. பம்பு அறைக்குள் தண்ணீர் புகுந்து, அங்கிருந்து கீழ்த்தளத்துக்குப் போயிற்று. காசினோ கூடத்துக் கம்பளத்தின்மேல் ஆற்றுத் தண்ணீர் ஏறி, வெள்ளைப் போர்வைகள் மிதந்தன. மறுநாள் வந்த அமெரிக்காக்காரர்கள் வாசலிலேயே பார்த்துவிட்டு, தொப்பியைக்கூடக் கழற்றாமல் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்றைக்கு, வெளியே வந்ததும் ஸ்டாவ்ரோஸ் புல்லில் உட்கார்ந்து அழுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு அவன் பாஷையில் ஏதேதோ சொன்னான். மாதா பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது.

ஒரு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி வந்தார். முதலாளி அறையில், முதலாளி, மிஸ்டர் கிரெய்க், நான். அதிகாரி நேரடியாகக் கேட்டார்: "குளத்துக்கு யார் பொறுப்பு?"

மிஸ்டர் கிரெய்க் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்கள் எஞ்சினியர். மிஸ்டர் கதிரேசன். இந்தியாவில் அணைக்கட்டு வேலைகளில் அனுபவம் உள்ளவர். குளம் சம்பந்தப்பட்ட முடிவுகளை அவரிடம் முழுமையாக ஒப்படைத்திருந்தேன்."

கதிரேசன். எழுத்து பிசகாமல் சொன்னார். இத்தனை வருடம் வாயில் வராத பெயர் அன்றைக்கு எப்படி வந்ததோ! முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான் காலி செய்யக் கூடாது என்று சொன்னேன். வால்வைத் திறந்தது இவர்" என்றேன்.

"நீங்கள் சொன்னதை யாராவது கேட்டார்களா?"

"ஸ்டாவ்ரோஸ் கேட்டான். அவனைக் கூப்பிடுங்கள்."

கூப்பிட்டார்கள். அவன் தொப்பியைக் கையில் திருகிக்கொண்டு வந்து நின்றான். முதலாளியைப் பார்த்தான், மிஸ்டர் கிரெய்க்கைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. "நான் தேய்ச்சிட்டிருந்தேன். ஒண்ணும் கேக்கல. யார் திறந்தாங்கன்னு தெரியாது" என்றான்.

"உங்களை வெளியே வரச் சொன்னது யார்?"

"இவர்."

"குளம் எழும்புவதற்கு முன்பா, பின்பா?"

"முன்னாடி."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "அப்படியென்றால் இது நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த அறையில் வேறு யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தானே எஞ்சினியர்?"

அவனைக் காப்பாற்றியதே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. அன்றைக்கே என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நடைவழியில் மிஸ்டர் கிரெய்க் என் பின்னால் வந்தார். "கேட், உனக்கு வயது இருக்கிறது. படித்தவன், எங்கேயும் பிழைத்துக்கொள்வாய். எனக்குப் பென்ஷனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான்" என்றார். மறுபடி கேட் ஆகிவிட்டேன். அப்போது என் வாயில் வந்த தமிழ் வார்த்தைகளை நம் மலரில் அச்சடிக்க முடியாது. அவருக்குப் புரிந்திருக்காது. இருந்தாலும் சொன்னதில் எனக்குத் திருப்தி.

ஸ்டாவ்ரோஸ் பெண்டாட்டியோடு வீட்டுக்கு வந்தான். தேன் ஊற்றிய இனிப்பு ஒரு தட்டு நிறைய. வாசலில் நின்று, தனக்குப் பிள்ளைகள் இருப்பதையும், இருவர் சம்பளமும் அந்த ஹோட்டலில் இருப்பதையும் சொன்னான். "நீ படிச்சவன், உனக்கு வேற வேலை கிடைக்கும்" என்று அவனும் சொன்னான். படித்தவன், படித்தவன்! அந்தப் படிப்புக்கு ஒரு காகிதம் கொடு என்றால் மட்டும் ஒருத்தனும் கொடுக்க மாட்டான்.

விசாலம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க, காப்பி தர்றேன். ஆனா அந்தத் தட்டை வாங்காதீங்க" என்றாள். அவன் தட்டை எடுத்துக்கொண்டே திரும்பிப் போனான். அதற்குப் பிறகு நான் அந்த பஸ்ஸில் ஏறவில்லை. கொஞ்ச நாளில் ஒரு பள்ளிக்கூடத்துப் பாய்லர் அறையில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன். ஏன் அங்கேயே இருந்தேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

இன்ஷூரன்ஸ் கம்பெனி மிஸ்டர் கிரெய்க் சொன்ன வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பதிவு இல்லாத எஞ்சினியரை வைத்துக் குளத்தை நடத்தியிருக்கிறீர்கள், நஷ்டஈடு கிடையாது என்று முதலாளிக்குக் கையை விரித்துவிட்டது. கூடவே எஞ்சினியர் சங்கத்துக்கும் என்மேல் ஒரு புகார் அனுப்பியது. சங்கம் என்னை வரச் சொல்லிக் கடிதம் போட்டது. புகார் என்று விசாலத்திடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "சங்கத்துல கூப்பிட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னேன். என் விண்ணப்பத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று அவளாகவே எடுத்துக்கொண்டாள். பட்டுப் புடவை கட்டி, மேலே குளிர் கோட்டு மாட்டிக்கொண்டு, நானும் வருவேன் என்று கிளம்பிவிட்டாள். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே இருந்தவர் வயதான பிரெஞ்சுக்காரர். கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, எனக்காக மெதுவான இங்கிலீஷில் பேசினார்.

"பாருங்கள், மொஸ்யூ. எனக்கு உங்களைத் தண்டிக்க ஆசை இல்லை. நீங்கள் அங்கே ஹெல்பர்தான், குளத்தைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏதோ சத்தம் கேட்டுப் பயந்து கத்தினீர்கள், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். இதை மூடிவிடுகிறேன். உங்கள் விண்ணப்பம் அப்படியே இருக்கும். வேறு எஞ்சினியர் கீழே வேலை தேடிக்கொள்ளுங்கள். இல்லை, எஞ்சினியர் வேலைதான் பார்த்தேன் என்றால், எனக்கு வேறு வழி கிடையாது. விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டியதுதான்."

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஹெல்பர் என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிப் போயிருந்தது. அந்த மனுஷர் பேனாவை எடுத்துக்கொண்டு, எனக்கு உதவி செய்கிற நினைப்பில், இன்னொரு தடவை கேட்டார்: "பயந்துபோய்க் கத்தினீர்கள், அப்படித்தானே?"

அந்த வார்த்தைதான் என்னைக் கெடுத்தது.

"பயந்து இல்லை" என்றேன். "பார்த்துத்தான் கத்தினேன்."

அதற்கு மேல் என்னால் நிறுத்த முடியவில்லை. டேப்பில் சாக்பீஸ் நனைந்த கோட்டைச் சொன்னேன். மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு நின்றது, கான்கிரீட்டின் கனம் எவ்வளவு, எந்த இடத்தில் முதலில் பிரியும், ஏன் நான் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்துப் படம் போட்டுக் காட்டினேன். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் என்னிடம் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும், "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நான் எஞ்சினியர், ஐயா. அங்கே பார்த்ததும் எஞ்சினியர் வேலைதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏன் சொன்னீர்கள், மொஸ்யூ?" என்று என்னையே கடிந்துகொண்டார். பிறகு பேனாவை எடுத்து, என் பெயருக்கு எதிரே 'எஞ்சினியராக வேலை செய்ததை ஒப்புக்கொண்டார்' என்று எழுதி, காகிதத்தை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தேன். விசாலம் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"என்னங்க சொன்னாங்க?"

என் கொழுப்பைப் பாருங்கள், எனக்கு அந்த நேரத்திலும் நக்கல்தான் வந்தது.

"எஞ்சினியர்னு எழுதிட்டாங்க."

"நிஜமாவாங்க?" என்றாள். அந்த நடையில் ஆட்கள் போய்வருவதைக்கூடப் பார்க்காமல் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. கல்யாணத்தன்று பார்த்ததற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவள் கையை விடுவதற்குள் விண்ணப்பம் போன மீதிக் கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.